தோள்மேல் இருந்த கை

"அந்தத் தோள் மேல இருக்கற கை யாரோடது?"

பத்திரிகை அலுவலகத்தின் முன்னால் பஸ்ஸுக்கு நின்ற ஒருவர் அவளிடம் கேட்டார். எதிரே மாடியிலிருந்து பேனர் தொங்கியது. 'எங்கள் நிருபரை விடுதலை செய்' என்று கொட்டை எழுத்து, கீழே நிருபரின் சிரித்த முகம், அவர் தோளில் ஒரு கை. கைக்குச் சொந்தக்காரரைக் காணோம்.

"எங்க வீட்டுக்காரரோடது," என்றாள்.

அவர் அவளை ஒரு தினுசாகப் பார்த்துவிட்டு, வந்த பஸ்ஸில் ஏறிக்கொண்டார்.

அவள் சொன்னது நிஜம். சண்டை நடக்கும் எல்லைக்கு நிருபரை வாடகை வண்டியில் கூட்டிப்போனது அவள் கணவன். ஒருநாளும் ஹாரன் அடிக்காததால் அவனுக்கு 'ஹாரன்' என்றே பெயர். இருவரையும் ஒரே வண்டியிலிருந்துதான் இறக்கிக் கடத்திக்கொண்டு போனார்கள். கடத்தியவர்கள் ஆள் பார்த்துப் பிரிக்கவில்லை. பிரித்தது பத்திரிகையின் லேஅவுட் பிரிவு. இருவரும் சேர்ந்து நின்ற படத்தை வெட்டும்போது கையை மட்டும் விட்டுவிட்டார்கள். அதையும் வெட்டினால் நிருபரின் தோள் போய்விடும்.

அவளுக்கு ஒரே பயம்தான். கேட்க ஆள் இருக்கிறவனைப் பத்திரமாக வைத்திருப்பார்கள். கேட்க நாதியில்லாதவனுக்கு எத்தனை நாள் சோறு போடுவார்கள்?

செய்தி ஆசிரியரைப் போய்ப் பார்த்தாள். நல்ல மனிதர். உட்காரச் சொல்லி டீ வரவழைத்தார். வாடகை வண்டிக்காரர் படம் போடும் வழக்கம் இல்லை என்றும், ஒருவருக்குப் போட்டால் நாளைக்கு எல்லா டிரைவரும் கேட்பார்கள் என்றும் சொன்னார். எல்லா டிரைவரையுமா கடத்துகிறார்கள் என்று அவள் கேட்டாள். டீ ஆறுகிறது என்றார் அவர்.

எழுந்திருக்கும்போது, "அந்தக் கை யாரோடதுன்னு ஜனங்க கேக்கறாங்க சார். பதில் சொல்லி மாளல," என்றாள்.

அவர் முகம் மாறியது. "நியாயந்தாம்மா. உடனே சரி பண்ணச் சொல்றேன்."

அப்பா படம் வரப்போகிறது என்று வீட்டில் பிள்ளைகளிடம் சொன்னாள்.

வாராவாரம் அந்த வாசலில் மெழுகுவர்த்தி ஏந்திக் கூட்டம் நிற்கும். அந்த வாரக் கூட்டத்தில் புதுப் பேனரை ஏற்றினார்கள். சொன்னபடியே சரி செய்திருந்தார்கள். கை இல்லை. கை இருந்த இடத்தில் சட்டையின் கோடுகள் பிசிறில்லாமல் ஓடின. கூட்டம் கைதட்டியது.

லேஅவுட்காரர் தேடி வந்து அவளிடம் சொன்னார்: "கோடு போட்ட சட்டை அக்கா, உயிரை வாங்கிடுச்சு. இனிமே யாரும் கேக்க மாட்டாங்க."

"ஆமா தம்பி," என்றாள். "யாரும் கேக்க மாட்டாங்க."

பக்கத்தில் நிருபரின் அம்மா பேனரையே அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தார்.

"கையை எடுத்துட்டானுங்க," என்றார் மெதுவாக. "என் பிள்ளை தோள் இன்னும் அந்தப் பக்கமே சாஞ்சிருக்கு பாரு."

பையைத் திறந்து ஒரு படத்தை எடுத்தார். புறப்பட்ட அன்று அவரே எடுத்தது. நிருபரும் ஹாரனும் வண்டியில் சாய்ந்து நிற்க, ஹாரன் கண்ணை மூடியிருந்தான். எந்தப் படத்திலும் அவன் அப்படித்தான்.

அதற்குள் டிவிக்காரர் மைக்கோடு வந்துவிட்டார். இன்னும் கொஞ்ச நேரத்தில் நேரலை. வாராவாரம் அம்மாதான் பேசுவார். டிவிக்காரர் படத்தைப் பார்த்தார்.

"பாதியா மடிச்சுப் பிடிச்சுக்குங்கம்மா. உங்க பையன் மட்டும் தெரிஞ்சா போதும். ரெண்டு பேர் இருந்தா பாக்கறவங்களுக்குக் குழப்பமாயிடும்."

அம்மா படத்தை மடிக்கவில்லை. அவள் கையிலிருந்த மெழுகுவர்த்தியை வாங்கிக்கொண்டு, அந்த இடத்தில் படத்தை வைத்தார். அவள் தோளைப் பிடித்துக் கேமராவுக்கு நேராகத் திருப்பி நிறுத்தினார்.

"அம்மா, நீங்க பேசணுமே," என்றார் டிவிக்காரர். கேமராவில் சிவப்பு விளக்கு எரிந்தது. அவர் வேறு வழியில்லாமல் மைக்கை அவளிடம் நீட்டினார். அவள் படத்தை நெஞ்சுக்கு நேராக உயர்த்தினாள்.

அம்மா மெழுகுவர்த்தியை ஊதி அணைத்தார். கூட்டத்தை விலக்கிக்கொண்டு பஸ் நிறுத்தத்தைப் பார்த்து நடந்தார்.