மொட்டைக் கடுதாசி எழுதியவன்

சுந்தரமூர்த்திக்கு மாலை போட்ட படத்தை என் போனில் எத்தனை தரம் பெரிதாக்கிப் பார்த்தேன் என்று எனக்கே கணக்கில்லை. மாலை போட்ட படம் என்றதும் செத்துப் போனவன் என்று நினைத்துவிடாதீர்கள். செத்திருந்தால்கூட எனக்கு இவ்வளவு வயிறு எரிந்திருக்காது.

பெங்களூரிலிருந்து கோயம்புத்தூருக்குப் புதிதாக விடப்போகிற மின்சார ரயிலை முதல் நாள் ஓட்டப்போவது அவன்தானாம். அதற்குத்தான் மாலை. நானும் அவனும் ஒரே நாளில் வேலைக்குச் சேர்ந்தவர்கள். ஓசூர் தடத்தில் மின்கம்பி வருவதற்கு முன்னால் இருபது வருஷம் டீசல் எஞ்சின் ஓட்டிக் காது மந்தமானவர்கள். கம்பி வந்த பிறகு இரண்டு பேரும் மறுபடி வகுப்பில் உட்கார்ந்து மின்சார எஞ்சின் படித்தோம். பரீட்சையில் நான்தான் மேலே. ஆனாலும் புது ரயிலுக்கான பட்டியலில் அவன் பெயர் முதலில், என் பெயர் இரண்டாவது. அவன் விலகினால்தான் எனக்கு அந்த இருக்கை.

"அர்ஜுனன் சாருக்குத்தான் இது வரும்னு நெனச்சோம்" என்று பார்க்கிறவர்கள் எல்லாம் துக்கம் விசாரித்தார்கள். என் மனைவி சீதாவோ, அந்தப் புதுச் சட்டை அவருக்கு எவ்வளவு எடுப்பாக இருக்கிறது என்று படத்தைப் பார்த்துச் சொன்னாள். அன்றைக்கு எனக்குச் சோறு இறங்கவில்லை.

மறுவாரம் அல்சூர் பஸ் ஸ்டாப்பில் அவனைப் பார்த்தேன். போனைக் கை நீளத்துக்குத் தள்ளிப் பிடித்து, கண்ணைச் சுருக்கிப் படித்துக்கொண்டிருந்தான். ஐம்பது தாண்டினால் கிட்டத்தில் இருக்கிற எழுத்து எவனுக்கும் இப்படித்தான் மங்கும், ரயில் ஓட்டத் தூரப் பார்வைதான் வேண்டும். இதெல்லாம் எனக்குத் தெரியாதா? தெரிந்தேதான் செய்தேன். என்னை யாருக்கும் தெரியாத பீன்யாவுக்கு மெட்ரோவில் போய், ஒரு ஜெராக்ஸ் கடையில் இங்கிலீஷில் டைப் அடிக்கச் சொன்னேன். சுந்தரமூர்த்தி என்கிற ஓட்டுநருக்குக் கண் சரியில்லை, பயணிகளின் உயிரை முன்னிட்டு நடவடிக்கை எடுக்கவும். கையெழுத்தில்லாமல் மேலதிகாரிகளுக்குத் தபாலில் போட்டேன். திரும்பி வரும்போது மெட்ரோவில் நிம்மதியாகத் தூங்கினேன்.

அதிகாரிகள் அவனை மட்டும் கூப்பிடவில்லை. கடுதாசியில் யார் பெயர் இருந்தது என்பதையும் வெளியே விடவில்லை. ஐம்பது தாண்டிய ஓட்டுநர்கள் அத்தனை பேருக்கும் கண் பரிசோதனை என்றார்கள். அவன் போனான், தேறினான், வந்தான்.

என் முறை வந்தது. இருட்டறையில் தூரத்தில் பொட்டுப் போல ஒரு விளக்கு. பச்சை என்றேன். டாக்டர் மறுபடி காட்டினார். மறுபடியும் பச்சை என்றேன். அது மஞ்சளாம்.

எஞ்சினுக்குள் எங்களுக்கு ஒரு வழக்கம் உண்டு. சிக்னல் தெரிந்ததும் ஒருவர் அதன் நிறத்தை உரக்கச் சொல்ல வேண்டும், மற்றவர் திருப்பிச் சொல்ல வேண்டும். என் உதவி ஓட்டுநர் இளவேனிலுக்குக் கண்ணும் கூர்மை, குரலும் பெரிது. நான் வாய் திறப்பதற்குள் மஞ்சள் என்பாள், நானும் மஞ்சள் என்பேன். எத்தனை மாதமாக அவள் வாயை நம்பியே ரயில் ஓட்டியிருக்கிறேனோ, பின்னால் எத்தனை நூறு பேர் உட்கார்ந்திருந்தார்களோ. இனி எஞ்சினில் ஏறவே கூடாது என்று எழுதிவிட்டார்கள். அலுவலகத்தில் ஒரு நாற்காலி கொடுத்தார்கள்.

புது ரயில் கிளம்புவதற்கு முதல் நாள் சாயங்காலம் சுந்தரமூர்த்தி எங்கள் வீட்டுக்கு வந்தான். என் கையைப் பிடித்துக்கொண்டான். அவன் கண் கலங்கியிருந்தது. எனக்கு அதைப் பார்த்தும் எரிந்தது.

"ஆபீஸ்ல சொன்னாங்கடா. எவனோ மொட்டைக் கடுதாசி போட்டிருக்கான். உன்மேல இருக்கிற பொறாமைலதான் போட்டிருக்கணும். யாருன்னு கண்டுபிடிக்காம விடமாட்டேன்."

காப்பி கொண்டுவந்த சீதா அப்படியே நின்றாள். "எங்க சோத்துல மண்ணப் போட்டவன் கண்ணு அவிஞ்சு போவும்" என்றாள்.

"விடுங்க. யாரா இருந்தா என்ன" என்றேன்.

சுந்தரமூர்த்தி என் கையை இன்னும் இறுக்கிப் பிடித்தான்.

"உனக்குப் பெரிய மனசுடா" என்றான்.