சொட்டு மருந்தும் நான் எழுதிய நோட்டீஸும்

1

இந்தக் கதை ஒரு நோட்டீஸிலிருந்து வந்தது. அதை எழுதியவள் நான். முதலிலேயே சொல்லிவிடுகிறேன், பிறகு யாரும் கண்டுபிடித்து என் முகத்தில் எறிய வேண்டாம்.

விளம்பர வாசகம் எழுதுவது என் பிழைப்பு. ஆட்டிசம் உள்ள குழந்தைகளுக்கான ஒரு மையம் நோட்டீஸ் கேட்டது. "ஒரு கொத்து முடி போதும். உடம்பில் எந்தத் தாது கூட, எது குறைவு, உங்கள் குழந்தை ஏன் பேசவில்லை, எல்லாம் தெரிந்துவிடும்." மதியச் சாப்பாட்டுக்கு முன்னாலேயே எழுதிக் கொடுத்துவிட்டேன். இது உண்மையா என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை. கேட்டிருந்தால் வாய் தேய்ந்தா போயிருக்கும்?

நோட்டீஸைப் படித்து நம்பியவர் என் தங்கையின் கணவர். "அக்கா எழுதினதாச்சே" என்றாராம்.

2

தொடக்கம், முதல் முயற்சி: அந்த ஆறு வயதுச் சிறுமி மௌன வானத்தில் ஒரு நட்சத்திரமாய்...

[சீ! அவள் நட்சத்திரமும் இல்லை, மண்ணாங்கட்டியும் இல்லை. என் தங்கை மகள்; ஆட்டிசம் உள்ளவள், இன்னும் பேச்சு வரவில்லை. இடது செருப்பைத்தான் முதலில் போடுவாள். மாற்றிப் போட்டுவிட்டால் வீட்டையே ரெண்டாக்கிவிடுவாள்.]

இரண்டாம் முயற்சி: துத்தநாகம் என்பது மனித உடலுக்கு மிகச் சிறிதளவே...

[பாடப்புத்தகம். ஆனாலும் சொல்லித்தான் ஆகவேண்டும். துத்தநாகம் குறைந்த குழந்தைகள் உண்டு. இரத்தத்தில் பார்த்து, தேவை என்றால் மருத்துவர் கொடுப்பார். ஆட்டிசம் உள்ள குழந்தைகளை அளந்த ஆய்வுகளில் ஒன்று குறைவு என்கிறது, இன்னொன்று வித்தியாசமே இல்லை என்கிறது. இத்தனையும் நான் தேடிப் படித்தது நோட்டீஸ் வீடு வீடாகப் போன பிறகு.]

3

கத்தரிக்கோல் என்றால் குழந்தைக்கு உயிர் போய்விடும். சத்தம் கேட்டாலே காதைப் பொத்திக்கொண்டு சுவரில் முட்டிக்கொள்வாள். பிடரியை ஒட்டி முடியை வெட்டிக் கவரில் போட்டுக் கொண்டுவரச் சொல்லியிருந்தது மையம். தங்கை மூன்று நாள் போராடினாள். நாலாம் நாள் காலை, கணவர் வெளியே ஹாரன் அடிக்க, குளியலறைக்குள் போய்த் தன் பிடரியிலிருந்தே ஒரு கொத்தை வெட்டிக் கவரில் போட்டு ஒட்டிவிட்டாள்.

"என்னடி பண்ணித் தொலைச்சே?"

"என் வயித்துல பொறந்தவதானேக்கா. அவ உடம்புல இருக்கறதுதான் எனக்கும் இருக்கும்னு நினைச்சேன்."

[வாசகர் இங்கே சிரிக்கலாம். மூன்று நாள் அந்த அலறலைக் கேட்டுவிட்டு வந்து சிரியுங்கள்.]

4

ரிப்போர்ட் வந்தது, கலர் கலராய்க் கோடுகளோடு. துத்தநாகம் அடிமட்டம், செம்பு உச்சம். மையத்து ஆலோசகர் அதன்மேல் விரலை வைத்தாராம்.

"செம்பு இவ்வளவு இருந்தா குழந்தைக்கு எப்படிங்க பேச்சு வரும்?"

அந்த முடிக்குச் சொந்தக்காரி அவர் எதிரில்தான் உட்கார்ந்திருந்தாள். போனை எடுத்தால் காது சுடும்வரை வைக்காதவள். அவளுக்குப் பேச்சு வராதாம்!

5

மையம் கொடுத்த துத்தநாகச் சொட்டு மருந்து தொடங்கியது, ஒரு நாளைக்கு மூன்று வேளை. குழந்தை சாப்பிடுவதே மூன்று பொருள்தான்: பால், உப்பு பிஸ்கட், தோல் சீவிய ஆப்பிள். மருந்தைப் பாலில் கலந்தார்கள். நான் ஒரு வாய் குடித்துப் பார்த்தேன், தகரத்தை நக்கின மாதிரி இருந்தது. முதல் நாளே வாந்தி எடுத்தாள். ஐந்தாம் நாளிலிருந்து பால் டம்ளரைக் கண்டாலே ஓடுகிறாள். மிச்சம் இரண்டு பொருள். இன்று முதல் பிஸ்கட்டில் தடவிப் பார்க்கலாம் என்கிறார் குழந்தையின் அப்பா. பிஸ்கட்டும் போனால் அவள் எதைத் தின்று உயிரோடு இருப்பாள்?

[இந்த அப்பாவை வில்லனாக்கப் பார்த்தேன். மூன்று முறை எழுதியும் அவர் வில்லனாக மறுக்கிறார். வேலையிலிருந்து சீக்கிரம் வந்து, துளித் துளியாய் எண்ணி, தன் கையாலேயே கொடுக்கிறார்.]

"ஆட்டிசம்னு தெரிஞ்சு ரெண்டு வருஷம் கழிச்சு இப்பதான்க்கா அந்த மனுஷன் சிரிக்கிறார். அது என் முடின்னு நான் எந்த வாயால சொல்றது?"

மையத்துக்குப் போன் போட்டேன். முடி அம்மாவுடையது என்றேன். மறுமுனையில் ஒரு நொடிகூடத் தயங்கவில்லை.

"பரவாயில்ல மேடம், அம்மாவுக்கு இருந்தா குழந்தைக்கும் இருக்கும். மருந்தை மட்டும் நிறுத்திடாதீங்க."

மையம் சொன்னதைத் தங்கையிடம் சொன்னேன். அழுவாள் என்று நினைத்தேன். பாய்ந்தாள்.

"நீ எழுதினதைப் படிச்சுத்தானே அவர் நம்பினார்? எழுதிக் கெடுத்தவ நீ. எழுதியே நிறுத்து!"

6

முடிவு, ஒன்று: தங்கையே உண்மையைச் சொல்கிறாள், கணவர் அவளைக் கட்டிக்கொண்டு... [சினிமா.]

இரண்டு: மையம் மூடப்படுகிறது. [அடுத்த தெருவில் வேறு பலகை மாட்டுவார்கள். என்னைப்போல இன்னொருத்தி எழுதிக் கொடுப்பாள்.]

மூன்று: ஆகவே, அன்பு வாசகரே...

இல்லை, எதற்கு இந்தப் பூசி மெழுகல்? தம்பி, துளித் துளியாய் எண்ணிக் கொடுக்கிற உங்களுக்குத்தான் இது. வேறு வாசகர் எவரும் எனக்கு வேண்டாம். நீங்கள் படித்து முடிக்கும்வரை சமையலறை மேசையில் உங்கள் எதிரிலேயே உட்கார்ந்திருப்பேன். என்னைத் திட்டுங்கள், வாங்கிக்கொள்கிறேன். என் தங்கையைத் திட்டாதீர்கள்.

நாலு மணி ஆகப்போகிறது. குழந்தை பிஸ்கட்டுக்குக் கை நீட்டுவாள். அதில் என்ன தடவியிருக்கும் என்பதை நான் எழுத முடியாது, தம்பி. பாட்டில் உங்கள் கையில் இருக்கிறது.