கதிரையில் அமர்ந்த புகை

சாருஜன் ஊதிவிட்ட புகை கலையவில்லை. நெடுங்கேணிக்கு அப்பால், குளத்துக்குக் கீழேயுள்ள வயல்வெளியைக் கடந்து, அவனுக்கு முன்னதாகவே வீட்டுக்கு வந்து, தகப்பனின் கதிரையில் உட்கார்ந்திருந்தது. ஆடைத் தொழிற்சாலையில் வேலை முடித்துப் பொழுதுபட வந்திறங்கிய தாய் விமலேஸ்வரி, கதவைத் திறந்ததும் அதைக் கண்டாள். ஈர விறகாக்கும் என்று முதலில் எண்ணினாள். குசினியிலோ அடுப்பு மூட்டப்பட்டிருக்கவில்லை. யன்னல்களைத் திறந்தாள், சுளகை எடுத்து விசிறினாள், புகை எழும்பவில்லை. பதினைந்து வயது மகனின் உயரமும், அவனுடையதைப் போலவே கூனிய தோள்களும் அதற்கு இருந்தன. கஞ்சா மணத்தது.

இது எப்படி நேர்ந்ததென்று அறியாதது போல் ஊர் நடித்தது. யானைகள் வயலுக்குள் இறங்கும் மாதங்களில், காணியுள்ள ஒவ்வொரு வீடும் காவற்கொட்டிலுக்கு இரவில் ஆண் ஒருவரை அனுப்ப வேண்டும் என்பது கமக்கார அமைப்பின் விதி. தகப்பன் ஜெயந்தன் கட்டாருக்கு வேலைக்குப் போனதும் அந்த முறை சாருஜனின் தலையில் விழுந்தது. அப்போது அவனுக்கு வயது பதின்மூன்று. யானைகளை விரட்டும் யானைவெடியின் திரியைச் சுருட்டு நெருப்பினால் கொளுத்துவதே அங்குள்ள வழக்கம். பெரியவர்கள் கண்ணயரும்போது சுருட்டைப் பையனிடம் கொடுத்து, நெருப்பு அணைந்து நூராமல் பார்த்துக்கொள்ளச் சொல்வார்கள். நூராமல் காக்க வேறு வழியேது? இழுத்தான். சுருட்டுக்குப் பழகிய கைக்கு வேறொன்றைக் கொடுக்க, மோட்டார் சைக்கிளில் ஆட்கள் வந்தார்கள். விடிந்து வீட்டுக்குப் போனால் கதைக்க ஒருவரும் இல்லை. தாயைத் தொழிற்சாலை பஸ் ஏற்றிச் சென்றிருக்கும். வகுப்பில் உறங்கினான், அடித்தார்கள், பிறகு அங்கும் போகவில்லை.

புகையின் செய்தி பரவியதும் பிள்ளையார் கோயில் முன்றலில் கூட்டம் கூடியது. விமலேஸ்வரி மகனுடன் போனாள். புகையும் பின்னால் நடந்து வந்து, செருப்புகளைக் கழற்றும் இடத்தில் மரியாதையாக நின்றது. கமக்கார அமைப்பின் தலைவர் வீரகத்தி தொண்டையைச் செருமினார்.

"தங்கச்சி, உவனைத் தூரத்திலை ஒரு விடுதியிலை விடுங்கோ. ஊர்ப்பிள்ளையளும் கெட்டுப்போகுங்கள்."

கூட்டங்களில் வாய் திறந்தறியாத விமலேஸ்வரி எழுந்து நின்றாள். இருப்பது இந்த ஒரு பிள்ளை.

"விடுறன் அண்ணை. அதுக்கு முதல் ஒண்டு சொல்லுங்கோ. பதின்மூண்டு வயசுப் பிள்ளையின்ரை கையிலை சுருட்டைக் குடுத்துப்போட்டு நித்திரை கொண்டது ஆர்?"

"அது... ஆனைக்குத்தானே, தங்கச்சி."

"ஆனையோ சுருட்டுக் கேட்டது?" என்றாள், பெண்கள் பக்கத்திலிருந்து வீரகத்தியின் மனைவி கமலாசனி. சிரிப்பு அடங்க நேரமெடுத்தது. விடுதிப் பேச்சை அதன்பின் எவரும் எடுக்கவில்லை.

அன்று மாலையே வீரகத்தியின் புகையும் வீடு தேடி வந்தது. நாற்பது ஆண்டுப் புகை. வாசலால் நுழைய முடியாமல் கூரை ஓடுகளைப் பிரித்துக்கொண்டு இறங்கியது. அறைகளெல்லாம் நிறைந்துவிட்டபடியால், அவர் உழவு இயந்திரக் கொட்டகையில் படுத்தார். "உள்ளுக்கு இடமில்லை, அங்கையே படுங்கோ" என்று கமலாசனி சோற்றுக் கோப்பையை வெளியே நீட்டினாள். மற்ற ஆண்களின் புகைகளும் வந்து உட்கார, ஒரு கிழமைக்குள் ஊரில் கதிரைகள் போதாமற் போயின. காவலுக்கு வளர்ந்தவர்கள் மட்டுமே போவது, திரிக்கு லைட்டர் பிடிப்பது என்று விதி மாறியது. பிள்ளைகள் இரவில் விளையாடக் கரப்பந்துத் திடலுக்கு விளக்குப் போட்டார்கள்.

விமலேஸ்வரி மேலதிக நேர வேலையை விட்டாள். சாருஜனை வைத்தியசாலைக்கு அழைத்துப் போய், உளவளத்துணையாளரின் அறைக்கு வெளியே காத்திருந்தாள். அவன் இரண்டொரு முறை தவறி, மறுபடி புகைத்தான். அப்போதெல்லாம் கதிரையில் இருந்தது சற்றுத் தடித்தது. அவள் ஏசவில்லை. புட்டு அவித்து, மூவருக்கும் பரிமாறி, பக்கத்தில் இருந்து கதைத்தாள். தொலைபேசித் திரையில் பார்த்த ஜெயந்தன் திடுக்கிட்டான்.

"ஆரப்பா அது, என்ரை கதிரையிலை?"

"உங்கடை மோன்ரை புகை. நீங்கள் வந்தால் எழும்பும்."

அடுத்த ஆண்டு சாருஜன் மீண்டும் பாடசாலைக்குப் போனான். வீட்டுக்குப் பசுவொன்றும் வந்தது. புகை மறையவில்லை; மறையுமென்று எவரும் காத்திருக்கவும் இல்லை. பொழுதுபடும் நேரம் அது தானாக எழுந்து மாட்டுக்கொட்டிலுக்குப் போய் நிற்கும், பசுவைக் கடிக்க நுளம்பு அண்டாது. பசு முதலிரு நாள்கள் மிரண்டது. இப்போது புகை வரச் சற்றுச் சுணங்கினால் கத்துகிறது.