விலை குறையக் கூடாத வண்டி

என் கணவர் போன பிறகும் அவருடைய வண்டி நடைவழியில், செருப்பு அலமாரிக்குப் பக்கத்தில், சுவரில் சாய்ந்தபடி இருந்தது. பக்கத்துக்கு ஒன்றாக இரண்டு சக்கரம், நடுவில் ஏறி நிற்க ஒரு பலகை, இடுப்பு உயரத்துக்கு ஒரு கைப்பிடி. முன்னால் சாய்ந்தால் போகும். பின்னால் சாய்ந்தால் நிற்கும். பேட்டரியில் உயிர் இருக்கும்வரை யாரும் பிடிக்காமலே நிமிர்ந்து நிற்கும். முழங்கால் தேய்ந்துபோன மனிதர், தான் வேலை பார்த்த குளிர்பதனக் கிடங்கின் நீண்ட முற்றத்தை அதில் நின்றபடியே சுற்றி வந்தார்.

வேலை முடிந்து வந்து கதவைத் திறக்கும்போதெல்லாம், அவர் எனக்கு முன்னால் வந்துவிட்டார் என்று ஒரு நொடி தோன்றும். அந்த ஒரு நொடியைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. யாராவது அதில் ஏறித் தெருவில் போவதை ஒருமுறை பார்த்துவிட்டால் போதும் என்றிருந்தது.

ஞாயிற்றுக்கிழமைகளில் வரும் அவருடைய வண்டி நண்பர்கள் மூன்று பேரும் அவர் இல்லாமலும் வந்தார்கள். மருந்துக்கடைக்காரரிடம் இதே மாதிரி வண்டி. லிஃப்ட் மெக்கானிக்கிடம் கைப்பிடி இல்லாத ஒற்றைச் சக்கரம். மூன்றாமவரிடம் ஒன்றும் இல்லை. எந்த வண்டியைக் காட்டினாலும் அடுத்த மாடல் வரட்டும் என்பார். அதனால் என் கணவர் அவருக்கு வைத்த பெயரே 'அடுத்த மாடல்'.

வண்டியை யாராவது எடுத்துக்கொள்ளுங்கள் என்று நான் சொன்னதும், ஆச்சரியமாக அவர்தான் முதலில் வாய் திறந்தார். "எனக்கே குடுத்துடுங்க அண்ணி. முப்பதாயிரம் தர்றேன்."

நான் தலையாட்டுவதற்குள் மருந்துக்கடைக்காரர் டீ கப்பைக் கீழே வைத்தார். "முப்பதா? என்னய்யா, கத்திரிக்காயா வாங்குற? இது முப்பதுக்குப் போச்சுன்னா நாளைக்கு என் வண்டியை எவன் நாப்பதுக்குக் கேப்பான்?"

"நீங்க எங்கண்ணே விக்கப் போறீங்க?"

"விக்கல. விக்கலன்னா அதுக்கு விலையே இல்லாமப் போயிடுமா?"

"கைப்பிடி வெச்சதுக்கெல்லாம் இனிமே ஏது விலை?" என்றார் லிஃப்ட் மெக்கானிக். "ஒத்தைச் சக்கரம்தான் வண்டி."

"அதுல ஏறித்தானே உன் முன்பல்லு ரெண்டும் போச்சு? பேசாம இரு."

நால்வரும் ஒப்புக்கொண்ட விலைக்குத்தான் யார் வண்டியும் கைமாற வேண்டும் என்று அவர்களுக்குள் ஒரு கட்டுப்பாடு. என் கணவரும் சேர்ந்து போட்டதுதான்.

"எனக்கு விலை முக்கியமில்ல தம்பி. யாராவது ஓட்டினா போதும்" என்றேன்.

"அதெல்லாம் கூடாது அண்ணி. அண்ணன் இல்லன்னு நீங்க ஏமாந்துடக் கூடாது" என்றார் மருந்துக்கடைக்காரர். கிளம்பும்போது மருந்துச் சீட்டை விளக்கும் குரலில் சொன்னார்: "அதுவரைக்கும் சுவிட்சைத் தொடாதீங்க. சார்ஜும் போட வேணாம். ஓடுன தூரம் கூடினாலும் சரி, சார்ஜ் போட்ட கணக்கு கூடினாலும் சரி, விலை அடிபட்டுடும்."

என் கணவர் காய்ச்சலில் கிடந்தபோதுகூட எழுந்து வந்து அதற்குச் சார்ஜ் போட்டவர். ஆனால் இவர்கள் விஷயம் தெரிந்தவர்கள் என்று நான் விட்டுவிட்டேன்.

மாதங்கள் போயின. முப்பத்திரண்டு என்றார்கள்; முப்பத்தெட்டு என்றார்கள். நடுவில் புது மாடல் ஒன்று வரப்போவதாகச் செய்தி வந்தது. பேச்சு மறுபடி முதலிலிருந்து தொடங்கியது. நான் டீ போட்டேன், கப்புகளைக் கழுவினேன், மறுநாள் கதவைத் திறந்து அந்த நொடியைத் தாங்கினேன்.

கடைசியில் முப்பத்தாறுக்கு மூவரும் இறங்கி வந்தார்கள். அடுத்த மாடல் பணத்தோடு வந்தார். தலையில் புது ஹெல்மெட்; வீட்டுக்குள்ளும் கழற்றவில்லை. லிஃப்ட் மெக்கானிக் சார்ஜரைச் செருகினார். பச்சை விளக்கு எரிந்தது.

"பாத்தீங்களா, சொட்டுக்கூடக் குறையல!" என்றார் மருந்துக்கடைக்காரர்.

லிஃப்ட் மெக்கானிக் சுவிட்சை அழுத்தினார். மறுபடி அழுத்தினார். குனிந்து பலகையில் காதை வைத்தார்.

"பச்சை எரியறது நிறைஞ்சதால இல்லண்ணே. சார்ஜ் உள்ளயே போகல. மாசக்கணக்கா போடாம வெச்சா வேற என்ன ஆகும்? பேட்டரி செத்து..." என்னைப் பார்த்து நாக்கைக் கடித்துக்கொண்டார்.



"புது பேட்டரி என்ன விலை?" என்றார் அடுத்த மாடல்.

"இருபத்தெட்டு இருக்கும்."

"யார் சொன்னா? முப்பத்தி ரெண்டுக்குக் குறைஞ்சு கிடைக்காது" என்றார் மருந்துக்கடைக்காரர்.

"அதுக்குப் புது மாடலே..."

நான் எழுந்துபோய் வாசல் கதவைத் திறந்து வைத்தேன். "எனக்கு ஒன்னும் வேணாம். இப்பவே எடுத்துட்டுப் போயிடுங்க."

அடுத்த மாடல் ஹெல்மெட்டைக் கழற்றினார். மருந்துக்கடைக்காரர் மட்டும் என் பக்கம் வந்து குரலைத் தாழ்த்தினார். "அண்ணி, சும்மா குடுத்தோம்னு வெளிய சொல்லிடாதீங்க. யாராவது கேட்டா நாப்பதுக்குப் போச்சுன்னு சொல்லுங்க."

ஜன்னலில் நின்று பார்த்தேன். அது தானாக நிற்காதல்லவா, ஆளுக்கொரு பக்கம் பிடித்துக்கொண்டு தள்ளிப் போனார்கள். கைகள் வண்டியிலும் வாய்கள் விலையிலுமாக, தெருமுனை திரும்பும்வரை யாரும் அதில் ஏறவில்லை.