ஒன்பதாம் வகுப்பு 'பி' பிரிவின் எலும்புக் கணக்கு

செங்கல்பட்டிலுள்ள அந்தப் பெண்கள் பள்ளியில், ஒன்பதாம் வகுப்பு 'பி' பிரிவுக்கு ஆண்டுக்கு நாற்பது ஆசிரியர்கள் வந்து போவார்கள். எல்லோரும் பி.எட். கல்லூரியிலிருந்து கற்பித்தல் பயிற்சிக்கு வருகிறவர்கள். கல்லூரி இரண்டு தெரு தள்ளி இருந்தது. 'பி' பிரிவு அறையில் மின்விசிறி ஒழுங்காகச் சுற்றியது. இந்த இரண்டு காரணங்களால் அங்கே படித்த முப்பத்தெட்டுப் பெண்களும் தேர்ந்த நடிகைகள் ஆகிவிட்டார்கள். கேள்வி கேட்டால் பதில் தெரிந்தவள் வலது கையைத் தூக்குவாள், தெரியாதவள் இடது கையைத் தூக்குவாள். ஆகமொத்தம் முப்பத்தெட்டுக் கைகள் எப்போதும் மேலே. தெர்மாக்கோல் எரிமலையில் சோடா மாவு பொங்கினால் வாயைப் பிளப்பார்கள், அது அந்த மாதத்தின் நான்காவது எரிமலையாக இருந்தாலும். பயிற்சி ஆசிரியர் எவராவது பாதியில் மறந்துபோய் நின்றால் முதல் பெஞ்சு சுஜாதா வாயசைக்காமல் எடுத்துக் கொடுப்பாள்: "மிஸ், ஊக்குவிச்சாச்சி. இப்ப போர்டுல தலைப்பு எழுதணும்." அவள் இப்படிக் கரைசேர்த்த பலர் இன்று மாவட்டம் முழுவதும் பாடம் நடத்திக்கொண்டிருக்கிறார்கள்.

ரேணுகாவுக்கு அந்த உதவி வேண்டாம். படாளத்திலிருந்து தினம் பஸ் ஏறி வரும் அவளுக்கு வயது முப்பத்து நான்கு. கல்லூரியில் சேரும் முன் பத்து வருடம் ஒரு ஸ்கேன் சென்டரில் எலும்பு அடர்த்தி பார்க்கும் மிஷினில் வேலை செய்தாள். ஆளைப் படுக்க வைப்பாள், "அசையாதீங்க" என்பாள், மேலே மிஷினின் கை நகர்ந்து முடிந்ததும் எழுப்பி விடுவாள். எழுந்தவர்கள் எல்லோரும் ஒரே கேள்வியைக் கேட்பார்கள்: "இன்னா வந்திச்சிம்மா?" அவளுக்குத் தெரியும். ஆனால் சொல்ல அவளுக்கு அதிகாரம் கிடையாது. "டாக்டரக் கேளுங்க." பத்து வருடம் தெரிந்ததைச் சொல்லாமல் இருந்து இருந்து, அவளுக்கு யாரிடமாவது எதையாவது விளக்கியே ஆகவேண்டும் என்ற வெறி வந்துவிட்டது. பி.எட். சேர்ந்தாள்.

இப்போது செய்முறைத் தேர்வு. ஐம்பது மதிப்பெண். பாதி வாங்காவிட்டால் பட்டம் அடுத்த ஆண்டுதான். மாமல்லபுரம் சாலையில் ஒரு பள்ளி அவளுக்கு ஜூன் மாதம் வேலை தருவதாகச் சொல்லியிருந்தது, அடுத்த ஆண்டு ஜூனில் அல்ல.

அவளுக்கு வழிகாட்டி தீனதயாளன் சார். கல்லூரியில் 'கல்வியில் நாடகமும் கலையும்' தாளுக்கு அவர்தான் எல்லாம். மார்ச் மாதப் புழுக்கத்திலும் ஜிப்பாவும் சால்வையும். எலும்புத் தேய்மானத்தைப் பாடமாக நடிக்க வைக்கப் போகிறேன் என்று ரேணுகா சொன்னதும் ஒரே இரவில் பதினொரு பக்கம் எழுதி வந்துவிட்டார். முதல் காட்சியில் அட்டைக் கிரீடம் வைத்த எலும்பரசன் அரியணையில் வீற்றிருக்க, தேய்மான அசுரன் வாளோடு நுழைகிறான்.

"'கால்சியக் கோமானே, கேள்!'னு ஆரம்பிக்குதும்மா. எப்படி கீது?"

"நல்லா இருக்குது சார். ஆனா இதுல ஸ்கேன் எங்க சார் வருது?"

"கடைசி சீன்ல முனிவர் ஒருத்தர் ஞானக்கண்ணால பாக்குறாரே!"

ரேணுகா பதினொரு பக்கத்தையும் மரியாதையாகப் பைக்குள் வைத்துக்கொண்டாள். அவற்றில் ஒரு வரியைக்கூட எடுக்கவில்லை.

அவள் யோசித்தது வேறு. வகுப்பை ஒரு சேலையால் இரண்டாகத் தடுக்க வேண்டும். சேலைக்குப் பின்னால் சில பெண்கள் எலும்பாக நிற்பார்கள்; ஒவ்வொருத்தி கையிலும் ஒரு சாக்பீஸ். அதுதான் எலும்பிலுள்ள தாது உப்பு. பத்துப் பெண்கள் எக்ஸ்ரே கதிர்கள். ஒரு பக்கம் நுழைந்து மறுபக்கம் வெளியே ஓடிவர வேண்டும். எந்த எலும்பாவது சாக்பீஸை நீட்டினால் அதை வாங்கிக்கொண்டு அங்கேயே உட்கார்ந்துவிட வேண்டும். சேலைக்கு இந்தப் பக்கம் இருப்பவர்களுக்கு உள்ளே நடப்பது தெரியாது. வெளியே வருகிற தலைகளை எண்ணி, எத்தனை சாக்பீஸ் வேலை செய்தது என்று கண்டுபிடிக்க வேண்டும். மிஷின் செய்வதும் இவ்வளவுதான். சதையும் குறுக்கே நிற்குமே என்றால், அதற்காக மிஷின் பலமான கதிர், பலவீனமான கதிர் என்று இரண்டு விதமாக அனுப்பி, சதையின் பங்கைக் கழித்துவிடும். அதற்கு இரண்டாவது ஓட்டம்.

"கிரீடம் இல்லாம நாடகமா?" என்று தீனதயாளன் நொந்துபோனார். இருந்தாலும் தம் மாணவி தோற்றுவிடக் கூடாதே என்ற நல்லெண்ணம் அவருக்கு உண்டு. தேர்வு நாள் காலை, ரேணுகா கொடிக்கயிறு வாங்கப் போயிருந்த நேரத்தில் வகுப்புக்குள் நுழைந்தார். ஏழு பெண்களை எலும்பாக நியமித்தார். மற்றவர்களிடம் சொன்னார்: "எத்தினி எலும்புன்னு கேட்டா 'ஏழு'. எல்லாரும் ஒரே குரல்ல. புரிஞ்சிதா?"

முப்பத்தெட்டுக் கைகள் மேலே போயின.

பதினொரு மணிக்கு வெளித் தேர்வாளர் முனைவர் கேசவன் வந்தார். அவருடைய விசிட்டிங் கார்டில் பட்டங்களில் பாதி பெயருக்கு முன்னால் இருந்தது, மீதி பின்னால். இளநீர், பூங்கொத்து, குரூப் போட்டோ எல்லாம் முடிந்து கடைசி பெஞ்சில் உட்கார்ந்தார். ஒத்திகை பார்த்த பாடத்தை மோப்பம் பிடிப்பதில் அவர் மன்னர் என்று பேர். நடுவில் எழுந்து எதையாவது மாற்றிவிடுவார். அதோடு பாடம் படுத்துவிடும்.

ரேணுகா விதியை ஒரு தடவை சொன்னாள். கேசவனுக்கு போன் வந்தது. இன்னொரு தடவை சொன்னாள். போனை வைத்த கேசவன் எழுந்தார்.

"எலும்பு எத்தனைன்னு நான் முடிவு பண்றேன்மா. ஆட்சேபணை இல்லையே?"

தீனதயாளனின் சால்வை தோளிலிருந்து நழுவியது.

கேசவன் சேலைக்குப் பின்னால் போனார். ஏழு பேரில் மூன்று பேரைப் பின்கதவு வழியாக வராந்தாவுக்கு அனுப்பினார். பிறகு அதிகப்படியான புத்திசாலித்தனம் ஒன்று தோன்றி, ஒரு சாக்பீஸை எடுத்துக்கொண்டு தாமே ஐந்தாவது எலும்பாக வரிசையில் நின்றார்.

"ஓடுங்க!" என்றாள் ரேணுகா.

பத்துப் பேர் ஓடினார்கள். திமுதிமுவென்று சத்தம். சேலைக்கு மறுபக்கம் ஆறு பேர் வெளியே வந்து மூச்சு வாங்கினார்கள்.

"எத்தனை எலும்பு?"

"ஏழு!" என்றது வகுப்பு, ஒரே குரலில், மிக அழகாக.

சுஜாதா மட்டும் வாயைத் திறக்கவில்லை. வெளியே நின்ற தலைகளை மறுபடி எண்ணினாள். அவள் நெற்றி சுருங்கியது. இந்த ஒரு வருடத்தில் எரிமலைக்கோ மின்காந்தத்துக்கோ சுருங்காத நெற்றி அது.

"மிஸ், சார் ஏழுன்னுதான் சொல்லச் சொன்னாரு. ஆனா ஆறு பேரு வெளிய வந்துட்டாளுங்க மிஸ். அப்ப நாலு."

ரேணுகா வழிகாட்டியைத் திரும்பிப் பார்த்தாள். சொல்லச் சொன்னாரா? தீனதயாளன் கூரையிலிருந்த மின்விசிறியை ஆராய்ந்துகொண்டிருந்தார்.

சேலைக்குப் பின்னாலிருந்து வெற்றிக் குரல் வந்தது. "ஏழும் தப்பு, நாலும் தப்பு! நாங்க அஞ்சு பேர்!" சேலையை விலக்கிக்கொண்டு கேசவன் தரிசனம் தந்தார். கைகள் முதுகுக்குப் பின்னால் கோத்திருந்தன. விழா மேடைகளில் அவர் நிற்பதும் அப்படித்தான்.

சுஜாதா அசரவில்லை. "அஞ்சு பேரு நின்னீங்க சார், சரி. ஆனா ஒருத்தர் சும்மா நின்னுருக்காரு."

"நான்தான் மிஸ் அந்தப் பக்கம் போனேன்," என்றாள் ஓடிவந்தவர்களில் ஒருத்தியான வசந்தா. "சார் கைய பின்னாடி கட்டிகினு நின்னாரு. எதுனா குடுப்பாருன்னு நான் கொஞ்ச நேரம் நின்னு பாத்தேன். ஒண்ணியும் குடுக்கல. வந்துட்டேன்."

யாரோ களுக்கென்று சிரித்தார்கள்.

'சுஜாதா எண்ணியதில் பிசகு' என்று ரேணுகா ஒரு வார்த்தை சொன்னால் போதும். ஐம்பதும் கிடைக்கும், ஜூனும் கிடைக்கும். ஆனால் பத்து வருடம் அந்த மிஷின் பக்கத்தில் நின்றவள் அவள். பட்டுச்சேலையோடு படுத்தவர்களையும் பார்த்திருக்கிறாள், பாதுகாவலரோடு வந்து படுத்தவர்களையும் பார்த்திருக்கிறாள். மிஷின் ஒருவருக்கும் ஒரு புள்ளி கூட்டிப் போட்டதில்லை.

"சுஜாதா சொன்னதுதான் சரி," என்றாள். "ஆள் அஞ்சு, கணக்கு நாலு. மிஷின் எலும்போட உருவத்தை எண்ணாது. அது எத்தனை கதிரை நிறுத்திச்சுன்னுதான் பார்க்கும். வெளியில பார்த்தா எலும்பு அப்படியே நிக்கும், உயரமா, கம்பீரமா. உள்ள இருக்குற உப்பு மட்டும் குறைஞ்சிருக்கும். இதுக்குத்தான் ஆஸ்டியோபொரோசிஸ்னு பேரு."

கம்பீரம் என்ற சொல் வாயைவிட்டுப் போன பிறகுதான் அவளுக்கு உறைத்தது.

கேசவன் கையை முன்னால் கொண்டுவந்து பார்த்தார். சாக்பீஸ் முழுசாக இருந்தது.

"இதைக் கொடுக்கணும்னு என்கிட்ட யாரும் சொல்லலையே."

"மிஸ் ரெண்டு வாட்டி சொன்னாங்க சார்," என்றாள் சுஜாதா. "நீங்க போன்ல இருந்தீங்க."

அந்த மனிதரைப் பற்றி என்ன வேண்டுமானாலும் சொல்லலாம், ஆனால் அப்போது அவர் செய்ததைச் சொல்லாமல் விடக் கூடாது. போனை அணைத்து மேசைமேல் வைத்தார். சேலைக்குப் பின்னால் போய் நின்றார். "மறுபடி ஓடுங்கம்மா" என்றார். இந்த முறை அவர் சாக்பீஸை நீட்டிய வேகத்தில் வசந்தா பயந்தே உட்கார்ந்துவிட்டாள். வெளியே வந்தது ஐந்து. "அஞ்சு!" என்று கத்தினார்கள், ஒரே குரலில் அல்ல, ஆளாளுக்கு எண்ணி முடித்த நேரத்தில், முன்னும் பின்னுமாக. பிறகு சதையும் பலவீனமான கதிரும் வந்தன. மணி அடித்தது. ஒருத்தியும் எழுந்திருக்கவில்லை. கிளம்ப வேண்டும் என்று தேர்வாளருக்கும் தோன்றவில்லை.

ஆசிரியர் அறையில் தீனதயாளன் சுதாரித்துக்கொண்டார். "அந்த 'ஏழு' நான் வேணும்னே வெச்ச பொறி சார். புள்ளைங்க சொந்தமா யோசிக்குதான்னு பாக்க."

"அப்படியா," என்றார் கேசவன். "ஒருத்தியத் தவிர எல்லாரும் விழுந்திருக்காங்க. நல்ல பொறிதான்." பேனாவைத் திறந்தார். "ஏம்மா, பாட அட்டை ஒண்ணுகூட மாட்டல. நேரமும் தாண்டிடுச்சு. அதுக்கு ஆறு குறைக்கிறேன். வேற குறைக்க எனக்கு ஒண்ணும் அகப்படல."

நாற்பத்து நான்கு. ரேணுகா அந்த எண்ணை மூன்று தடவை பார்த்தாள். வெளியே வந்தால் வராந்தாவில் பாதி வகுப்பு நின்றது.

"எவ்ளோ மிஸ்?"

"நாப்பத்தி நாலு."

சுஜாதாவுக்கு முகம் சிவந்துவிட்டது. "இன்னா மிஸ் இது அநியாயம்! போன மாசம் கிருபாகரன் சார் எலக்ட்ரிக் பெல்லு செஞ்சி காட்டுனாரே, அவருக்கு நாப்பத்தி ஏழு."

"நல்லா செஞ்சிருப்பாரு, விடு."

"அந்த பெல்லு அடிக்கவே இல்ல மிஸ்," என்றாள் சுஜாதா. "நாங்கதான் 'ட்ரிங்'குனு கத்துனோம்."