சீட்டுக்கு அடியில் இரண்டு ஒயர்

எனக்கும் பொறுமைக்கும் ஏழாம் பொருத்தம். அடுப்பில் பால் வைத்தால் அது பொங்குவதற்குள் நான்கு முறை எட்டிப் பார்ப்பேன். அப்படிப்பட்டவளைப் போய் நாள் முழுக்க ஓர் இன்ஜின் சத்தத்துக்குக் காது கொடுத்துக்கொண்டு வீட்டில் உட்கார வைத்துவிட்டார் என் வீட்டுக்காரர்.

எங்கள் பின்தெருவில் ஒரு பெரிய கட்டடம் எழும்புகிறது. அங்கே மண் அள்ளுவது எங்கள் லோடர்தான். லோடர் என்றதும் யானை மாதிரி எதையோ நினைத்துவிடாதீர்கள். ஒரு காரைவிடச் சின்னது. நடுவில் கூண்டு, இரண்டு பக்கமும் இரும்புக் கைகள், அவற்றின் முனையில் வாளி. ஒரு பக்கச் சக்கரங்கள் முன்னாலும் மறுபக்கச் சக்கரங்கள் பின்னாலும் ஓட, நின்ற இடத்திலேயே சுற்றும். அதில் எனக்குப் பிடிக்காதது ஒன்றே ஒன்று. ஓட்டுகிறவர் ஏறுவதும் இறங்குவதும் முன்பக்கமாக, அந்தக் கைகளுக்கு நடுவே. கைகள் மேலே இருந்தால் அவற்றுக்கு அடியில்தான் வழி.

நாங்கள் வாங்கப் போனபோது மூடிப்போன ஒரு செங்கல் சூளையின் மூலையில் அது கிடந்தது. கூண்டுக்குள் கொடி படர்ந்திருந்தது. "ஓட்டினவருக்கு இடுப்பு போச்சு. இறங்கறப்ப பெடல்ல கால் பட்டுது, கை இறங்கிருச்சு. அப்புறம் யாரும் தொடல" என்று விற்றவரே சொன்னார். நான் அந்தப் பெடலையே பார்த்துக்கொண்டு நின்றேன். என் வீட்டுக்காரருக்கோ கண்ணில் இன்ஜினைத் தவிர வேறொன்றும் படவில்லை. தட்டிப் பார்க்கிறார், தடவிப் பார்க்கிறார். பெண் பார்க்க வந்த அன்றுகூட என்னை அப்படிப் பார்க்கவில்லை மனிதர்.

கொண்டுவந்து பிரித்துப் போட்டோம். இன்ஜின் அவர் பொறுப்பு. வெடித்த ஹோஸ் பைப்பெல்லாம் மாற்றினார். சக்கரத்தை ஓட்டும் செயின் இருக்கும் பெட்டியைத் திறந்தால், எண்ணெய் இருக்க வேண்டிய இடத்தில் சேறு. அதை வழித்து எடுத்து, செயினை மண்ணெண்ணெயில் ஊறப்போட்டுத் துலக்கினார். என் அண்ணன் வெல்டர். விரிசல் விட்ட கைகளை ஒட்டவைத்தது அவர். சீட்டை வைத்துப் பொருத்தியதும் அவர்தான். ஒயரிங் என் பங்கு. நான் மோட்டாருக்குச் செம்புக் கம்பிச் சுருள், அதாவது காயில், கட்டுகிறவள், ஒயர் என்றால் எனக்கு வெண்டைக்காய் நறுக்குவது மாதிரி. எலி தின்றது போக மிச்சம் இருந்ததையெல்லாம் உருவி எறிந்துவிட்டுப் புதிதாக இழுத்தேன்.

அப்போதுதான் சீட்டுக்கு அடியில் ஒரு ஸ்விட்ச் வைத்தேன். ஆள் உட்கார்ந்திருந்தால் இன்ஜின் ஓடும். சீட்டை விட்டு எழுந்தால் டீசல் நின்று அணைந்துவிடும். அவ்வளவுதான். அன்றைக்குத்தான் நிம்மதியாகத் தூங்கினேன்.

அந்த நிம்மதி வேலை தொடங்கிய அன்றே போயிற்று.

"அந்த ஸ்விட்சைக் கழட்டிடு" என்று வந்து நின்றார். "ரெண்டு வாளி அள்றதுக்குள்ள வண்டி அணையுது. மானம் போகுது."

"நீங்க ஏன் எழுந்திருக்கீங்க?"

"எழுந்திருக்க வேண்டியிருக்கு."

"உட்கார்ந்து ஓட்டற வண்டியில எதுக்கு எழுந்திருக்கணும்? அங்க என்ன சினிமாவா ஓடுது?"

கை கழுவப் போய்விட்டார். அந்த மனிதருக்குப் பிடிக்காத கேள்வி கேட்டால் உடனே கையில் அழுக்கு வந்துவிடும். மறுநாளும் அதே பேச்சு, அதற்கு மறுநாளும் அதே பேச்சு. நான் அசையவில்லை. "நீங்க உசுரோட வீட்டுக்கு வரணும்னா அது அங்கதான் இருக்கும்" என்று சொல்லிவிட்டேன்.

அதிலிருந்து அந்தச் சத்தம்தான் என் பிழைப்பு. முன்னறையில் காயில் கட்டிக்கொண்டிருப்பேன். பின்தெருவில் இன்ஜின் உறுமும், திடீரென்று அணையும், மறுபடி கிளம்பும். அணையும்போதெல்லாம் அங்கே வேலை செய்கிறவர்கள் சிரிப்பது இங்கே வரைக்கும் கேட்கும். "அரை டிக்கெட்டு! வண்டி தூங்கிருச்சா?" என்று ஒரு குரல். என் வீட்டுக்காரர் உயரம் கம்மி. அதற்காக அங்கே வைத்த பெயர். கேட்கும்போது எனக்குப் பற்றிக்கொண்டு வரும். ஆனாலும் வண்டி அணைகிற ஒவ்வொரு தடவையும், ஸ்விட்ச் வேலை செய்கிறது, மனிதர் நன்றாக இருக்கிறார் என்று ஒரு மூச்சு விட்டுக்கொள்வேன்.

அன்றைக்குக் காலையிலிருந்தே எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. ஏன் என்று தெரியவில்லை. சுற்றின காயிலையே பிரித்துச் சுற்றினேன். தண்ணீர் குடித்தேன். வாசலுக்குப் போனேன், வந்தேன். வெளியே இன்ஜின் ஒரே சீராக ஓடிக்கொண்டிருந்தது. நல்லதுதானே என்று மறுபடி உட்கார்ந்த பிறகுதான் சுரீரென்றது.

காலையிலிருந்து அது ஒரு தடவைகூட அணையவில்லை.

செருப்புகூடப் போடவில்லை. காயிலுக்குப் பூசுகிற வார்னிஷ் கையோடு ஓடினேன். சந்தில் எதிரே வந்தவர் "என்னம்மா ஆச்சு?" என்று கேட்டதற்கு என்ன சொன்னேன் என்று நினைவில்லை.

லோடர் மண்மேட்டுக்குப் பக்கத்தில் நின்றது. இன்ஜின் ஓடுகிறது, கைகள் உச்சியில் நிற்கின்றன, வாளி நிறைய மண். என் வீட்டுக்காரர் சீட்டில் இல்லை. கூண்டின் வாயில் ஒரு முழங்காலை ஊன்றி, உடம்பை வெளியே நீட்டி, இரும்புக் கைக்கு அடியில் சுற்றிக்கொண்ட கட்டுக்கம்பியைப் பிடுங்கிக்கொண்டிருந்தார். அவருடைய இன்னொரு கால் பெடலுக்கு மேலே இருந்தது. மேலே என்றால், ஒரு விரற்கடை.

கத்தத்தான் வாய் வந்தது. கத்தவில்லை. கத்தினால் திடுக்கிட்டுக் காலை ஊன்றுவார். வண்டியின் பின்பக்கம் ஓடி, இன்ஜின் கதவைத் திறந்து, டீசல் வால்வுக்குப் போகிற ஒயரைப் பிடுங்கினேன். சத்தம் செத்தது. ஆனால் அத்தோடு முடியவில்லை. இன்ஜின் நின்றாலும் பெடலை மிதித்தால் கை தன் பாரத்திலேயே இறங்கும்.

"என்னங்க" என்றேன், குழந்தையை எழுப்புகிற குரலில். "நான்தான். காலை அசைக்காதீங்க. அப்படியே இருங்க."

அவர் குனிந்து தன் காலைப் பார்த்தார். கூண்டுக் கம்பியை இறுகப் பிடித்துக்கொண்டார்.

கட்டட மேஸ்திரி ஓடி வந்தார். பக்கவாட்டில் மாட்டியிருந்த இரும்பு முட்டுக்கட்டையை இரண்டு பேருமாகத் தூக்கி, வண்டியின் கையைத் தாங்கும் தண்டின் மேல் பொருத்தினோம். இனி இறங்க முடியாது. "வாங்க" என்றேன். வந்தார். வந்தவரின் சட்டையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டேன், அடிக்கவா அணைக்கவா என்று எனக்கே தெரியாமல்.

கூண்டுக்குள் ஏறிப் பார்த்தேன். நினைத்ததுதான். சீட்டுக்கு அடியில் என் ஸ்விட்சின் இரண்டு ஒயரையும் தோலுரித்து முறுக்கி ஒன்றாக்கி, ஸ்விட்சுக்கு வேலையே இல்லாமல் செய்திருந்தார்.

வந்த ஆத்திரத்தில் அந்தச் சீட்டிலேயே தொப்பென்று உட்கார்ந்தேன். எதிரே பார்த்தேன். கைகள் இறங்கினால் வாளி மண்ணைத் தொடும் இடமே தெரியவில்லை. கழுத்தை நீட்டினேன், தெரியவில்லை. நானும் அவர் உயரம்தான். எழுந்தால்தான் தெரிந்தது.

"இதைச் சொல்றதுக்கு என்ன?" என்றேன். "சீட்டை உயர்த்தி, கொஞ்சம் முன்னாடி தள்ளியிருந்தா முடிஞ்சுதே. அண்ணன் கேக்கலையா?"

"கேட்டாரு" என்றார் தரையைப் பார்த்துக்கொண்டு. "போதும்னுட்டேன்."

"ஏன்?"

"இருக்கிற பேரு பத்தாதா? சின்னப் புள்ளைக்குப் பலகை போட்ட மாதிரி உக்காரணுமா, இத்தனை பேர் முன்னாடி?"

எனக்கு நாக்கில் என்னென்னவோ வந்தது. அதற்குள் அழுகை முந்திக்கொண்டது. அத்தனை பேர் முன்னால் ஓவென்று அழுதேன். "அவங்க சிரிச்சா சிரிச்சுட்டுப் போகட்டும். நீங்க இல்லாட்டி நான் என்ன பண்ணுவேன்? யோசிச்சீங்களா?"

அவர் சட்டையில் கையைத் துடைத்துக்கொண்டார். பிறகு போனை எடுத்து என் அண்ணனைக் கூப்பிட்டார். வழக்கமாக மெல்லப் பேசுகிறவர், மண்மேட்டுக்கு அந்தப் பக்கம் நின்றவர்களுக்கும் கேட்கிற மாதிரி பேசினார்.

"மச்சான், வெல்டிங் செட்டை எடுத்துக்கிட்டு இங்க வாங்க. சீட்டை ஏத்தணும்." தொண்டையைச் செருமிக்கொண்டார். "நான் குட்டை மச்சான். எனக்கு வாளி தெரியல."

பின்னால் யாரோ சிரித்தார்கள். அவர் திரும்பிப் பார்க்கவில்லை. அண்ணன் வந்து சேரும்வரை அவருடைய மணிக்கட்டை நான் விடவில்லை.