அக்காவின் அளவு

அவள் தைத்த கவுனுக்காக ஊரே தவம் கிடந்த காலம் ஒன்று இருந்தது. இடுப்பைக் கச்சிதமாகப் பிடிக்கும் அந்த வெட்டு இல்லாமல் பத்திரிகை அட்டையே வராது. இப்போது எல்லாரும் தொளதொளவென்று திரிகிறார்கள். "சாக்குப்பைக்குக் கழுத்து வெட்டினா அதுவும் ஃபேஷனாம்!" என்று போன வாரம் டிவி பேட்டியில் பொரிந்து தள்ளினாள். பாதிப் பேர் கைதட்டினார்கள். மீதிப் பேர், கிழவிக்கு வேறு வேலையில்லை என்றார்கள்.

மவுசு குறைந்ததுகூட அவளுக்குப் பெரிதாக உறைக்கவில்லை. கூடப் பிறந்த அக்காவே சாக்குப்பைக் கட்சியில் சேர்ந்துவிட்டதுதான் மனதை அறுத்தது. அவளுடைய முதல் கவுனே அக்காமேல் குண்டூசி குத்தி வெட்டியதுதான். பட்டறையில் நிற்கும் துணிப் பொம்மைக்கும் பஞ்சு வைத்து அக்காவின் அளவுக்கே கொண்டுவந்திருந்தாள். தான் தைத்ததை அக்கா மறுபடி ஒரு தடவை உடுத்த மாட்டாளா என்று வருஷக்கணக்காக ஏங்கினாள்.

அந்த அக்காவே மகன் கல்யாணத்துக்குக் கவுன் வேண்டுமென்று ஃபோன் செய்ததும் அவளுக்குத் தலைகால் புரியவில்லை. அளவு கொடுக்க எப்போது வரட்டும் என்று அக்கா கேட்டாள்.

"உன் அளவு எனக்குத் தெரியாதாக்கா? நீ பேசாம இரு."

பொம்மைமேல் துணியைப் போட்டு, யாரையும் அண்டவிடாமல் தானே வெட்டித் தைத்தாள்.

போட்டுப் பார்க்க வந்த அக்காவுக்கு ஜிப் பாதி வழியிலேயே நின்றுவிட்டது. இடது கையைத் தோளுக்கு மேல் தூக்கவே முடியவில்லை.

"கை எப்பக்கா இப்படி ஆச்சு?"

"அது ஆகி ரொம்ப வருஷமாச்சுடி."

"அதான் தொளதொளன்னு போடுறியா? நான் தைக்கிறது உனக்குப் பிடிக்காமப் போச்சுன்னு நெனச்சேனே!"

அக்கா சிரித்தாள். "பிடிக்காமலா? அளவு கொடுக்க எத்தனை தடவை வந்தேன் தெரியுமா? ஷோ இருக்கு, பேட்டி இருக்குன்னு உன் ஆளுங்க வாசல்லயே திருப்பி அனுப்பிட்டாங்க. கடையில தொங்குற துணிக்கு அந்தப் பவுசெல்லாம் கிடையாது. எந்த உடம்போட போனாலும் ஏத்துக்கும்."

ரசனையைப் பற்றி வாய் கிழியப் பேசியவள் டேப்பை எடுத்து அக்காவின் இடுப்பைச் சுற்றிப் பிடித்தாள். எத்தனை வருஷத்துக்குப் பிறகு இந்த உடம்பைத் தொடுகிறோம் என்று நினைத்ததும் கண் கலங்கியது.

"எவ்வளவுடி வருது?"

எண் தெளிவாகத்தான் தெரிந்தது. டேப்பை விடத்தான் மனம் வரவில்லை.

"இரு அக்கா, இன்னும் எடுத்து முடிக்கல."